திரை அணைந்ததும் பாட்டு நிற்பானேன்?

எங்கள் அத்தை எண்பது வயதை எட்டிக்கொண்டிருக்கிறாள். இரவுச் சாப்பாடு ஆனபின் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, ஈஸிசேரில் சாய்ந்தபடி ஏதாவது ஒரு ஹரிகதையையோ பழைய கச்சேரியையோ கேட்டுக்கொண்டிருப்பது அவளுடைய நெடுநாளைய வழக்கம். முன்னொரு காலத்தில் இதற்கு வானொலிப் பெட்டி இருந்தது. பிறகு டேப் ரிக்கார்டர் வந்தது. இப்போது பேரன் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்போன் அவள் மடியில் இருக்கிறது. சென்ற கோடையில் சில நாள் அவளோடு தங்க நேர்ந்தபோது ஒரு விசித்திரத்தைக் கண்டேன். பாகவதர் கதையை நடத்திக்கொண்டு போகிறார். அத்தை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆனால் அவளுடைய வலக்கைக் கட்டைவிரல் மட்டும், ஜபமாலையின் மணியைத் தள்ளுவது போல, இருபது முப்பது விநாடிக்கு ஒரு தடவை போனின் திரையைத் தொட்டுத் தொட்டு மீள்கிறது. என்ன அத்தை இது என்று கேட்டேன்.

"தொடாம விட்டா இது தூங்கிப் போயிடறதுடா. இது தூங்கினா பாகவதரும் வாயை மூடிண்டுடறார்."

அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. தூங்குகிறது என்பதே இந்த யந்திரங்களைச் சமைக்கிறவர்களும் வழங்கும் சொல். எப்போது தூங்குகிறது, யார் சொல்லித் தூங்குகிறது, தூங்க வேண்டாம் என்று அதனிடம் விண்ணப்பம் செய்துகொள்ள வழி உண்டா என்பவற்றை விசாரிப்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

நம்மில் பலர் திரையை ஒரு விளக்காகவே பாவித்திருக்கிறோம். டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குக் கண்ணே கிடையாது. காதுக்காகவே பிறந்த வஸ்து அது. டேப் ரிக்கார்டரில் குங்குமப் பொட்டுப் போல ஒரு சிறு விளக்கு எரியும். அது எரியாமற் போனாலும் பாட்டுக்கு ஒரு பங்கமும் நேராது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, வெளிச்சம் போன காரணத்தால் சப்தமும் போய்விடுவது பெரிய அநியாயமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஸ்மார்ட்போனிலோ திரை அணைவது ஒரு சங்கேதம். மனிதன் எழுந்து போய்விட்டான், இனி நமக்கு இங்கே காரியமில்லை என்று உள்ளே இருக்கும் உறுப்புகளெல்லாம் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டு பாயை விரிக்கும் சமயம் அது.

இப்படி அவசரப்பட்டுப் படுப்பதற்கு நியாயமும் இருக்கிறது. 5,000 மில்லி ஆம்பியர்-மணி என்று பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் பேட்டரியை வாட் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் ஏறக்குறைய 19 வாட்-மணி தேறும். நம் வீட்டுக் கூடத்தில் எரியும் 9 வாட் எல்இடி பல்பை இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே அதிகமாக எரிக்க அது காணும், அவ்வளவுதான். இந்தச் சொற்ப ஆஸ்தியை வைத்துக்கொண்டு காலை முதல் இரவு வரையில் குடித்தனம் நடத்த வேண்டுமானால், சும்மா இருக்கும் நேரமெல்லாம் உண்மையாகவே சும்மா இருக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே திரை அணைந்து, செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது நிச்சயமானதும், பிராசஸருக்குப் போகும் மின்சாரம் அநேகமாக நிறுத்தப்படுகிறது. நினைவகம் தான் வைத்திருப்பதை மறந்துவிடாமல் இருப்பதற்கு வேண்டிய துளி மட்டும் அதற்குக் கிடைக்கிறது. கடிகாரமும், கோபுரத்தோடு பேச்சு வார்த்தை வைத்திருக்கும் மோடமும் திண்ணையில் படுத்திருக்கும் காவற்காரர்களைப் போல அரை விழிப்பில் இருக்கின்றன. அழைப்பு வந்தால் மோடம் தட்டி எழுப்பும். அதுவரையில் பிராசஸரைப் பொறுத்தமட்டில் காலமே நின்றுவிட்டது. பாதியில் விட்ட ஒரு கூட்டல் கணக்கை, மூன்று மணி நேரம் கழித்து எழுந்ததும், விட்ட இலக்கத்திலிருந்தே அது தொடரும். இடையில் மூன்று மணி நேரம் கழிந்ததைக் கடிகாரத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும்.

பாட்டுக்கோ காலம் நிற்கக் கூடாது. வழக்கின் மூலம் இதுதான். கடிதத்தைத் திரையில் ஒருமுறை எழுதிவிட்டால் அது அங்கேயே நிற்கும். சப்தம் அப்படி நிற்பதில்லை, பிறந்த கணமே செலவாகிவிடுகிறது. காம்பாக்ட் டிஸ்க் நாளிலிருந்து வழங்கிவரும் கணக்குப்படி ஒரு விநாடி இசை என்பது ஒவ்வொரு காதுக்கும் 44,100 எண்கள். மனிதச் செவி ஏறக்குறைய 20,000 அதிர்வு வரையில் கேட்கும் ஆதலால், அதைப் பழுதின்றிப் பிடிக்க அதன் இரட்டிப்புக்கு மேல் எண்கள் வேண்டியிருக்கின்றன. இவ்வளவையும் அப்படியே சுமக்க இடம் போதாதென்று எம்பி3 போன்ற முறைகளில் மடித்துக் கட்டி வைக்கிறார்கள். எம்பி3 கட்டு ஒவ்வொன்றிலும் 1,152 எண்கள் அடங்கும்; நேரக் கணக்கில் அது 26 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. மிருதங்கத்தில் ஒரு 'தா' விழுந்து அடங்குவதற்குள் இப்படிப் பல கட்டுகள் பிரிந்து தீர்ந்திருக்கும். பிராசஸர் இந்தக் கட்டுகளை ஓயாமல் பிரித்து எண்களை ஒரு தொட்டியில் கொட்டுகிறது. தொட்டியின் அடியிலிருந்து சீரான வேகத்தில் வெளியேறும் எண்களை வேறொரு சிறு சில்லு மின்னலையாக மாற்றி ஸ்பீக்கருக்கோ இயர்போனுக்கோ அனுப்புகிறது. பஃபர் என்று சொல்லப்படுவது இந்தத் தொட்டியைத்தான். மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்து வாழ்கிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை: குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, மோட்டார் போடுகிறவன் தூங்கிப்போனால் தொட்டியில் உள்ளவரை வரும், பிறகு வராது. சாதாரண போனில் இந்தத் தொட்டி மிகச் சிறியது. ஒரு விநாடிக்குக்கூடத் தாங்காதது.

தொட்டியைப் பெரிதாக்கினால் என்ன என்று கேட்கலாம். அது ஏற்கனவே செய்து பார்த்த உபாயம். 2001-ஆம் வருஷம் அக்டோபரில் ஆப்பிள் வெளியிட்ட முதல் ஐபாடில் பாட்டுகளெல்லாம் சுழலும் தட்டு ஒன்றில் இருந்தன. தட்டைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் பேட்டரி விரைவில் வற்றிவிடும். ஆதலால் 32 மெகாபைட் நினைவகத்தைத் தொட்டியாக வைத்து, அதில் இருபது நிமிஷத்துக்கான இசையை ஒரேயடியாக நிரப்பிவிட்டு, தட்டை நிறுத்திப் படுக்க வைத்தார்கள். அந்தச் சின்னப் பெட்டி பத்து மணி நேரம் பாடியதன் ரகசியங்களில் இது ஒன்று. ஸ்மார்ட்போன்களிலும் பிறகு வேறொரு யுக்தி வந்தது: கட்டைப் பிரிக்கும் வேலையைப் பெரிய பிராசஸரிடமிருந்து பறித்து, அந்தக் காரியத்துக்கென்றே அமைந்த, மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஒரு துணைச் சில்லிடம் ஒப்படைப்பது. 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 இதற்கு வழி செய்தது. நெக்ஸஸ் 5 என்ற போனில் இந்த முறையால் 60 மணி நேரம் வரையில் பாட்டுக் கேட்கலாம் என்று கூகுள் அப்போது அறிவித்தது. சுருங்கச் சொன்னால், திரை அணைந்தபின் பாடுவதற்கு யந்திரத்துக்குச் சக்தி உண்டு, சாமர்த்தியமும் உண்டு. இல்லாமற் போவது அனுமதி.

அந்த அனுமதியின் சரித்திரம் சுவாரசியமானது. கொஞ்சம் நின்று பார்க்கத் தக்கது.

2008-ஆம் வருஷத்தின் இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு போனின் பேட்டரி 1,150 மில்லி ஆம்பியர்-மணிதான். இன்றையதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அதன் அடித்தளமாக அமைந்த லினக்ஸோ, 1991-இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தம் மேஜைக் கம்ப்யூட்டருக்காக எழுதத் தொடங்கியது. சுவரிலிருந்து தாராளமாக மின்சாரம் வரும் என்பதை வேதவாக்காகக் கொண்டு வளர்ந்தது. மேஜைக் கம்ப்யூட்டர் விழித்திருப்பதையே ஸ்வபாவமாக உடையது. யாராவது தூங்கு என்று சொன்னால்தான் தூங்கும். ஆண்ட்ராய்டைச் சமைத்தவர்கள் இந்த நியதியைத் தலைகீழாக்கினார்கள். தூங்குவதுதான் ஸ்வபாவம்; விழித்திருக்க வேண்டுமென்றால் யாராவது ஒருவன் அதற்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு வேக் லாக் என்று பெயர் வைத்தார்கள். விழிப்புப் பூட்டு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

பழைய சத்திரம் ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்வோம். இரவு மணியடித்ததும் அங்கே வாசற்கதவைத் தாழிட்டுவிடுவார்கள். வெளியே போன யாத்ரீகன் ஒருவன் திரும்ப வேண்டியிருந்தால், தன் செருப்பை நிலைப்படியில் விட்டுப் போவான். செருப்பைக் கண்ட மணியக்காரர் கதவைச் சாத்தமாட்டார். விழிப்புப் பூட்டு இந்தச் செருப்பைப் போன்றது. பாட்டுப் பாடும் செயலி தன் செருப்பை நிலைப்படியில் வைத்துவிட்டால், திரை அணைந்தாலும் பிராசஸர் தூங்காது. பாட்டு முடிந்ததும் அது செருப்பை எடுத்துக்கொள்ள வேண்டும், உடனே கதவு சாத்தப்படும். வைக்க மறந்த செயலியின் பாட்டு, திரை அணைந்த சற்று நேரத்தில் நின்றுபோகும். ஆரம்ப காலத்தில், செயலி எழுதப் பழகிக்கொண்டிருந்த இளைஞர்களின் பாட்டுகள் பாதியில் நின்றதற்குப் பெரும்பாலும் இந்த மறதிதான் காரணம். அவர்கள் மேஜையில், கம்ப்யூட்டரோடு கேபிளில் பிணைத்த போனில் பரீட்சை செய்வார்கள். சார்ஜில் இருக்கும் போன் அவ்வளவு சுலபமாக ஆழ்ந்து தூங்குவதில்லை. ஆகவே மேஜையில் சரளமாகப் பாடியது, வாங்கினவர் சட்டைப்பையில் ஊமையாகும்.

லினக்ஸ் குடும்பத்துப் பெரியவர்களுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. சாதாரணச் செயலி ஒன்று முழு யந்திரத்தின் நித்திரையைத் தீர்மானிக்கலாமா, திண்ணைக்கு வந்தவன் வீட்டு விளக்கை எப்போது அணைப்பது என்று சொல்லலாமா என்பது அவர்களுடைய ஆட்சேபம். ஆண்ட்ராய்டுக்காரர்கள் 2009-இல் தங்கள் நிரற்பகுதியை லினக்ஸின் மூலத்தில் சேர்க்கும்படி கொடுத்தபோது எழுந்த வாதப் பிரதிவாதம் வருஷக்கணக்கில் நடந்தது. முடிவில் ரஃபேல் வைசாக்கி என்ற போலந்துக்காரர் இரு தரப்புக்கும் ஒவ்வக்கூடிய வேறோர் உருவில் அதே காரியத்தை அமைத்துக் கொடுத்தார். 2012-இல் வெளியான லினக்ஸ் 3.5-இல் அது இடம் பெற்றது. அத்தையின் மடியிலிருக்கும் போன் தூங்குவதா விழிப்பதா என்ற கேள்விக்கு இத்தனை அறிவாளிகள் இத்தனை நாள் மல்லுக்கட்டினார்கள் என்பதைச் சொன்னால் அவள் நம்பமாட்டாள்.

ஆட்சேபித்தவர்கள் அஞ்சியதும் வீணாகவில்லை. செருப்பை விட்டுவிட்டு எடுக்க மறந்தவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் இந்த வியாதியைத் தனியே ஆராய்ந்து, தூங்கவிடாப் பிழை என்று பொருள்படும் பெயரையும் சூட்டினார்கள். சட்டைப்பையில் சும்மா கிடக்கும் போன் காரணமின்றிச் சுடுவதும், இரவு நிறைந்திருந்த பேட்டரி விடியற்காலையில் வற்றியிருப்பதும் இந்த வியாதியின் லக்ஷணங்கள். ஜனங்கள் செயலியைக் குற்றம் சொல்லவில்லை, போனைத்தான் சொன்னார்கள். ஆகவே கூகுள் வருஷத்துக்கு வருஷம் விதிகளை இறுக்கத் தொடங்கியது. 2015-இல் ஆண்ட்ராய்டு 6-இல் டோஸ் என்ற ஏற்பாடு வந்தது. நம் கோழித்தூக்கம்தான் அது. சார்ஜில் இல்லாமல், திரை அணைந்து, ஓரிடத்தில் அசையாமல் சில நேரம் கிடக்கும் போனில் சாதாரணச் செயலிகளின் விழிப்புப் பூட்டுகள் செல்லாக் காசாகிவிடும். இணையத் தொடர்பும் துண்டிக்கப்படும். எப்போதாவது ஒருமுறை சிறிது நேரம் கண் விழித்து, காத்திருக்கும் வேலைகளைச் செய்யவிட்டு, மறுபடி உறங்கிவிடும். அடுத்த வருஷமே, அசைந்துகொண்டிருக்கும் போனுக்கும் இதன் மெல்லிய வடிவம் ஒன்று விஸ்தரிக்கப்பட்டது. 2017-இல் ஆண்ட்ராய்டு 8, திரைக்குப் பின்னால் ஒளிந்து ஓடும் சேவைகளைச் சில நிமிஷத்தில் நிறுத்திவிட ஆரம்பித்தது.

அப்படியானால் திரை அணைந்தபின் எவன்தான் பாடலாம்? பாடுகிறேன் என்று பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டு பாடுகிறவன் பாடலாம். பூட்டிய திரையின்மேல் பாட்டின் பெயரும், ஒரு சிறு படமும், நிறுத்து - ஓட்டு என்ற பொத்தான்களும் தோன்றுவதைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது கடைவாசலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் லைசென்ஸ். நான் பின்னால் இருந்து மின்சாரம் செலவழிக்கிறேன், இதோ என் முகம், பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள் என்று செயலி உபயோகிப்பவரிடம் ஒப்புக்கொள்ளும் சாசனம். பின்னணியில் இப்படிப்பட்ட சேவையைத் தொடங்கும் செயலி ஐந்து விநாடிக்குள் அந்த நோட்டிபிகேஷனைக் காட்டியாக வேண்டும். காட்டத் தவறினால் ஆண்ட்ராய்டு அதன் கழுத்தைத் திருகிவிடும். 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14-க்காக எழுதப்படும் செயலியோ, எந்த ஜாதிக் காரியத்துக்காக விழித்திருக்கப் போகிறேன், பாட்டுக்கா, வழி காட்டவா, அழைப்புக்கா என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கெடுபிடிகளை நான் குறை சொல்லமாட்டேன். முகம் காட்டுகிறவனுக்கே இரவில் நடமாட்டம் என்பது எந்த ஊருக்கும் ஒத்த நியாயம்.

ஐபோனின் வரலாறு வேறு விதம். 2007-இல் அது பிறந்தபோது ஆப்பிளின் சொந்தப் பாட்டுப் பெட்டி மட்டும் பின்னணியில் பாடலாம். மறு வருஷம் வெளியார் செயலிகள் வந்தபோதும் அவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை, வேறொரு செயலிக்குத் தாவினால் முந்தியது உயிரை விட்டுவிடும். 2010 ஜூனில் ஐஓஎஸ் 4 வந்தபிறகே பிறரும் பின்னணியில் பாட அனுமதி பெற்றார்கள். அங்கே ஒரு நுட்பம் உண்டு. சப்தம் எழுப்பும் ஒவ்வொரு செயலியும் தன் சப்தம் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாதவனுக்குத் தானாக வழங்கப்படும் வகுப்பு, திரையைப் பூட்டியதும் மௌனமாகிவிடும் வகுப்பு. விளையாட்டில் வரும் பின்னணி இசை போன்றவற்றுக்கு இது உசிதமே. திரையைப் பார்க்காமல் விளையாட்டு ஏது? ஆனால் சொற்பொழிவுச் செயலி ஒன்றை எழுதிய இளைஞன் ஒரே ஒரு வரியை மாற்ற மறந்தால், அவனுடைய உபந்நியாசகரும் விளையாட்டுப் பொம்மையைப் போல நடத்தப்படுவார்.

இதுவரை சொன்னது மின்சாரச் சிக்கனத்தின் பாற்பட்டது. வேண்டுமென்றே நிறுத்தும் மௌனமும் ஒன்று உண்டு. யூடியூபில் ஓடும் காணொளியின் ஒலி திரை அணைந்ததும் நின்றுவிடுவது எல்லோரும் அறிந்தது. சந்தா செலுத்துகிறவர்களுக்கு மட்டும் அது நிற்பதில்லை. 2015-இல் அமெரிக்காவில் யூடியூப் ரெட் என்ற பெயரில் இந்தச் சந்தா அறிமுகமாயிற்று. பிரீமியம் என்று பெயர் மாறி 2019 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. விளம்பரத்தால் ஜீவிக்கும் ஒரு தொழிலில், கண் திரையின்மேல் இல்லாத ரசிகனால் வருமானம் குறைவு என்பதை யோசித்தால் இந்த ஏற்பாட்டின் தர்க்கம் விளங்கிவிடும். இதில் பேட்டரிக்கு ஒரு பாபமும் இல்லை. இணையப் பக்கங்களுக்கும் இந்த வசதி உண்டு: தான் இப்போது கண்ணுக்குத் தெரிகிறேனா, மறைந்திருக்கிறேனா என்று பக்கமே பிரவுசரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், மறைந்தேன் என்று அறிந்ததும் பாட்டை நிறுத்து என்று எழுதி வைத்தவன் எழுதி வைத்தபடி அது நடக்கும்.

வாசகருக்கு உபயோகமான செய்தி ஒன்று இதிலிருந்து கிடைக்கிறது. மௌனம் எப்போது வருகிறது என்பதைக் கவனித்தால், அதை அனுப்பியவன் யார் என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். நாடி பார்க்கிற வைத்தியர் துடிப்பின் இடைவெளியை எண்ணுவது போல, திரை அணைந்ததற்கும் பாட்டு நின்றதற்கும் உள்ள இடைவெளியை எண்ண வேண்டும். வெளிச்சமும் சப்தமும் ஒரே கணத்தில் போயினவா? செயலியே நிறுத்தியிருக்கிறது; வியாபார விதியோ, எழுதியவனின் மறதியோ, இரண்டில் ஒன்று. போனின் செட்டிங்க்ஸைக் குடைந்து பயனில்லை. ஒரு பாட்டு முடியும் வரை ஓடி, அடுத்த பாட்டு தொடங்கவில்லையா? கையிலிருந்ததைப் பாடித் தீர்த்துவிட்டு, இணையத்திலிருந்து அடுத்ததை வாங்கப் போன இடத்தில் கதவு சாத்தியிருக்கிறது. வைஃபை பெட்டி ஒவ்வொரு 102.4 மில்லி விநாடிக்கும் ஒருமுறை நான் இருக்கிறேன் என்று குரல் கொடுக்கும். திரை அணைந்த போன் அந்தக் குரல்களுக்கு இடையில் தன் வைஃபை உறுப்பை உறங்க விட்டு மின்சாரம் மிச்சம் பிடிக்கும். அதையும் விழிக்க வைக்கத் தனியாக ஒரு பூட்டு இருக்கிறது, அதைப் போட மறந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ ஓடிவிட்டு, சொல்லின் நடுவில், ஸ்வரத்தின் நடுவில் நிற்கிறதா? அது பெரும்பாலும் கொலை. ஆண்ட்ராய்டைத் தழுவிப் போன் செய்யும் கம்பெனிகள் சிலவற்றுக்கு, கூகுள் விதித்த சிக்கனம் போதவில்லை. எங்கள் போன் இரண்டு நாள் தாங்கும் என்று விளம்பரம் செய்யும் ஆசையில், தாங்களே ஒரு பேட்டரிக் காவலனை உள்ளே குடியேற்றியிருக்கிறார்கள். அவன் லைசென்ஸ் மாட்டியிருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. நினைவகம் சிறுத்த போன்களில் இடம் போதாமல் நிகழும் கொலையும் உண்டு. ஆனால் அது அநேகமாக நாம் வேறு செயலிகளைத் திறக்கும்போது நேர்வது.

நின்றதாகத் தோன்றி நிற்காததும் ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்தியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது திரை கறுத்து, ஸ்பீக்கர் ஓய்ந்துவிடும். உண்மையில் சப்தம் காதருகே வைத்துக் கேட்கும் சிறு துளைக்கு இடம் மாறியிருக்கும். போனின் நெற்றியில் உள்ள அருகுணர் கண், எதிரே ஏதோ வந்துவிட்டது, கன்னமாகத்தான் இருக்கும் என்று தீர்மானித்திருக்கிறது. வந்தது கன்னமில்லை, நம் உள்ளங்கை. இதே கண்தான் சாதாரண அழைப்பில் போனைக் காதில் வைத்ததும் திரையை அணைக்கிறது. அங்கே பேச்சு மட்டும் ஏன் அறுந்துபோவதில்லை என்றால், அழைப்பின் குரலைக் கவனிப்பது மோடத்தோடு சேர்ந்த தனிச் சில்லுகள். நீங்கள் சம்பந்தியம்மாளோடு ஒரு மணி நேரம் பேசும்போது, பெரிய பிராசஸர் அதில் பெரும் பகுதியைத் தூங்கியே கழிக்கலாம்.

அத்தைக்குத் திரும்புவோம். அவள் கேட்டுக்கொண்டிருந்தது பக்தி நிகழ்ச்சிகளுக்கென்றே யாரோ செய்து வைத்த ஒரு செயலியில். கடிகாரத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். விரலை எடுக்கச் சொன்னேன். முப்பதாவது விநாடியில் திரை அணைந்தது. பாகவதர் அதே கணத்தில் நின்றார். இடைவெளி பூஜ்யம். செயலியைத் திறந்து பார்த்ததில், அது வேறொன்றுமில்லை, ஓர் இணையப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டியது. மறைந்ததும் நிற்பது அதன் சுபாவம், மாற்றுவதற்கு ஒரு பொத்தானும் இல்லை. ஊருக்கு வந்திருந்த பேரன் தன்னிடம் எம்பி3-யாக இருந்த அதே ஹரிகதைப் பதிவை அவள் போனில் ஏற்றி, பாட்டுக் கேட்பதற்கென்றே உள்ள ஒரு செயலியில் ஓட்டிக் கொடுத்தான். அன்றிரவு திரை அணைந்தபிறகும் கதை தொடர்ந்தது. அத்தைக்குப் பரம சந்தோஷம். பன்னிரண்டாவது நிமிஷத்தில், சீதையைத் தேடி அனுமன் கடலோரம் வந்து நிற்கிற இடத்தில், பாகவதர் பாதிச் சொல்லோடு நின்றுவிட்டார்.

"இப்போ என்னடா? நான் தொடலேங்கற கோபமா?"

இடைவெளி பன்னிரண்டு நிமிஷம்; ஆகவே குற்றவாளி வேறு ஆள். செட்டிங்க்ஸில் ஆப்ஸ் என்ற பகுதியில் அந்தச் செயலியின் பெயரைத் தேடிப் பிடித்து, அதற்குள் பேட்டரி என்ற தலைப்பின் கீழ் கட்டுப்பாடு இல்லை என்று பொருள்படும் வரியைத் தேர்ந்தேன். போன் கம்பெனி தன் பங்குக்கு வேறொரு மூலையில் வைத்திருந்த பட்டியலிலும் அதன் பெயரைச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த இரண்டாவது மூலையைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சாமானியர் கண்ணில் படாத இடத்தில் அதை ஏன் வைத்தார்கள் என்பதற்கு நியாயம் எனக்குப் புலப்படவில்லை.

மறுநாள் இரவு 9 மணிக்குப் பதிவைத் தொடங்கி, போனை ஸ்டூலின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு அத்தை சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளும் தூங்கிப்போனாள். பாகவதர் மட்டும் இருட்டில் கடலைத் தாண்டிக்கொண்டிருந்தார். 11.40-க்குப் பதிவு முடிந்து தானாகவே நின்றது. பேட்டரியைப் பார்த்தேன்: குறைந்திருந்தது 6 சதவிகிதம். விரலால் தொட்டுத் தொட்டுத் திரையை விழிக்க வைத்திருந்த இரவுகளில் அதே நேரத்துக்குக் கால் பங்கு பேட்டரி செலவாகியிருந்தது.